கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் போகிறவர்கள் ஆற்றங்கரையில் ராத்திரி தங்க இடம் பார்ப்பது எப்படி

இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இடம் தேட ஆரம்பித்துவிடுங்கள். அடுத்த வளைவையும் தாண்டிப் பார்ப்போமே என்று துடுப்புப் போட்டுக்கொண்டே போனால் கடைசியில் சேறும் முள்ளும்தான் கிடைக்கும், ஓட்டத்தை எதிர்த்துத் திரும்பி வரக் கையில் தெம்பும் இருக்காது.

இறங்கியதும் கூடாரத்தைப் பிரிக்காதீர்கள், முதலில் புதர்களைப் பாருங்கள். கிளைகளில் காய்ந்த சருகும் புல்லும் ஒரே மட்டத்தில் சிக்கித் தொங்கினால் முன்பு வந்த வெள்ளம் அதுவரை ஏறியிருக்கிறது. படுக்கை அதற்கு மேலேதான்.

ஆற்றின் உள்வளைவில் தண்ணீர் மெதுவாக ஓடி மணலையும் கூழாங்கல்லையும் போட்டுவிட்டுப் போகும், கயாக்கை ஏற்ற அதுதான் வசதி. வெளிவளைவில் ஓட்டம் கரையை அறுத்துக்கொண்டே இருக்கும், விளிம்பு எப்போது சரியும் என்று தெரியாது. ஆனால் தண்ணீர் ஏறினால் முதலில் மூழ்குவதும் உள்வளைவின் அந்த மணல் திட்டுதான், அதனால் அங்கே இறங்குங்கள், தூங்காதீர்கள். நடு ஆற்றுத் திட்டு பார்க்க அழகாகத்தான் இருக்கும், எனக்கு வேண்டவே வேண்டாம். மேலே அணை இருந்தால் நீங்கள் இருக்கும் இடத்தில் ஒரு சொட்டு மழை இல்லாமலே ராத்திரியில் தண்ணீர் ஏறலாம், எப்போது திறப்பார்கள் என்று கிளம்பும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். சாப்பிட்டு முடித்து டார்ச் அடித்துப் பார்க்கும்போது குச்சி நாலு விரல் முங்கியிருந்தாலோ, தண்ணீர் கலங்கிச் சருகு மிதந்து வந்தாலோ, மூட்டையைக் கட்டி மேலே ஏறிவிடுங்கள்.

அப்புறம் படகு. ஒருமுறை சோம்பேறித்தனமாகப் பாதி மட்டும் கரையில் இழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கினேன், விடிந்து பார்த்தால் காணோம், நல்லவேளை கொஞ்ச தூரம் கீழே ஒரு வேரில் மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் கூடாரம் வரை தூக்கி வந்து, கவிழ்த்துப் போட்டு, மரத்தில் கட்டிவிடுகிறேன். காலிக் கயாக்கைப் பெருங்காற்றே உருட்டிவிடும். துடுப்பும் லைஃப் ஜாக்கெட்டும் அதன் அடியில்.

கூடாரத்துக்கு மேலே பட்டுப்போன கிளை இருக்கக் கூடாது. பள்ளத்தில் குளிர்காற்று தேங்கும், விடியும்போது எல்லாம் நனைந்திருக்கும். மலம் கழிக்க ஆற்றிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போய் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி மூடுங்கள். ஆற்றுத் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடமென்றால் மூன்று நிமிடம்.