கேம்பர் வேன் நடுவழியில் நின்றால்: பஞ்சர், பேட்டரி, இன்ஜின் சூடு

காரில் ஸ்டெப்னி மாற்றிப் பழகிய கைக்கு, படுக்கையும் அடுப்பும் வைத்து வீடுபோல் ஆக்கிய கேம்பர் வேன் என்ன பெரிய விஷயம் என்று நினைத்துத்தான் நானும் கிளம்பினேன். முதல் பஞ்சர் ஒரு சரளைப் பாதையில், போனில் சிக்னலே இல்லாத இடத்தில். ஜாக்கியை வைத்து ஏற்ற ஏற்ற வேன் மேலே வரவில்லை, ஜாக்கிதான் மண்ணுக்குள் போனது. ஸ்டெப்னியோ வண்டிக்கு அடியில், சேறு காய்ந்து இறுகிய கம்பியில் தொங்கிக்கொண்டு இறங்க மறுத்தது. அரை மணி நேர வேலைக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. அந்த மூன்று மணி நேரத்தையும் வீட்டு வாசலிலேயே மிச்சப்படுத்தியிருக்கலாம்.

அதனால் வழியில் செய்ய வேண்டியதைவிட, கிளம்பும் முன் செய்ய வேண்டியதிலிருந்தே தொடங்குகிறேன்.

கிளம்பும் முன்: ஒருமுறை முழுசாகக் கழற்றி மாட்டுங்கள்

பயணச் சாமான் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, சமதரையில் நிறுத்தி, ஒரு சக்கரத்தை உண்மையாகவே கழற்றி மாட்டிப் பாருங்கள். வீடியோ பார்ப்பது இதற்கு ஈடாகாது. வேனோடு வந்த வீல் ஸ்பானரை மட்டுமே வைத்துச் செய்யுங்கள். என்னென்ன இல்லை என்பது அப்போதுதான் தெரியும்.

முதலில் நட்டு அசையாது. ஒர்க்‌ஷாப்பில் ஏர் கன்னால் இறுக்கிய நட்டைக் கைப்பிடி குட்டையான ஸ்பானரால் திருப்ப முடியாது. நீளக் கைப்பிடி ஸ்பானரோ, ஸ்பானர் மேல் செருக ஓர் இரும்புக் குழாயோ வாங்கி வையுங்கள். திருட்டுத் தடுப்பு நட்டு இருக்கும் வேன் என்றால் அதற்கென்று ஒரு சாவி உண்டு. அது எந்த டப்பாவில் கிடக்கிறது என்று இப்போதே தேடி எடுங்கள்.

அடுத்தது ஜாக்கி. சாமான், தண்ணீர், பேட்டரி எல்லாம் சேர்த்து கேம்பர் வேன் மூன்று, மூன்றரை டன்னுக்குச் சாதாரணமாக வந்துவிடும். 3 முதல் 5 டன் தாங்கும் ஹைட்ராலிக் பாட்டில் ஜாக்கி நல்லது. ஆனால் டன் கணக்கை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். டயரில் காற்று முழுக்க இறங்கியிருக்கும்போது ஜாக்கி வைக்கும் இடத்துக்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்து பாருங்கள். முழுசாக இறக்கிய ஜாக்கி அந்த இடைவெளிக்குள் நுழைய வேண்டும். முழுசாக ஏற்றினால், காற்று நிறைந்த ஸ்டெப்னி உள்ளே போகும் உயரமும் வர வேண்டும். ஒரு முழ நீள அகலத்தில் தடித்த பலகை ஒன்றையும் கூடவே போட்டுக்கொள்ளுங்கள். மண்ணில் ஜாக்கி புதையாமல் இருக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். சில வேன்களில் ஸ்டெப்னிக்குப் பதிலாக சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) பாட்டில் மட்டும் தருகிறார்கள். பக்கவாட்டில் டயர் கிழிந்தால் அந்தப் பாட்டிலால் ஒரு பயனும் இல்லை. ஆளில்லாத பகுதிக்குப் போகிறவர்கள் ஸ்டெப்னி இல்லாமல் போகவே கூடாது என்பேன்.

டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற குறியீட்டின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். கேம்பர் வேன்கள் ஓடுவதைவிட வெயிலில் நிற்பதே அதிகம் என்பதால், பட்டன் தேயாமலேயே ரப்பர் வெடித்துக் கிடக்கும். ஸ்டெப்னியின் வயதையும் சேர்த்தே பாருங்கள்.

நின்றவுடன்: அவசரப்படாதீர்கள்

டயர் வெடித்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் தானாகக் குறையட்டும். சமமான, கெட்டியான தரை வரும்வரை மெதுவாக உருட்டுங்கள். டயர் இன்னும் கொஞ்சம் கெட்டால் கெடட்டும். சரிவிலோ வளைவிலோ நின்று ஜாக்கி போடுவது அதைவிட மோசம்.

நான்கு பக்க இண்டிகேட்டரைப் போடுங்கள். ஒளிரும் மேல்சட்டையை மாட்டிக்கொண்டே கீழே இறங்குங்கள். எச்சரிக்கை முக்கோணத்தைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வையுங்கள். பின்னால் வளைவு இருந்தால், வளைவுக்கு அந்தப் பக்கம். எல்லோரையும் இறக்கி, நாய் இருந்தால் அதையும் இறக்கி, சமையல் கேஸ் வால்வை மூடுங்கள்.

அதன்பின் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். காரில் வந்தவருக்கு இருட்டுவதற்குள் ஊர் சேர வேண்டும். உங்களுக்குப் படுக்கை, அடுப்பு, தண்ணீர் எல்லாம் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கிறது. பாதுகாப்பான இடத்தில் நின்றிருந்தால், இருட்டில் ஜாக்கி போடுவதைவிடத் தூங்கி எழுந்து காலையில் பார்க்கலாம்.

ஆணி குத்தியிருந்தால்: சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம்

டியூப்லெஸ் டயரில், தரையில் படும் பகுதியில் ஆணி இருந்தால் பஞ்சர் கிட் (அரம்போல் சொரசொரப்பான அர ஊசி, திரி கோர்க்கும் ஊசி, ரப்பர் திரி, ஒட்டும் சொல்யூஷன்) போதும். ஆணி கைக்கு வசமான உயரத்துக்கு வரும்வரை வேனை ஓரடி ஈரடி நகர்த்துங்கள். முன்சக்கரம் என்றால் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பி வையுங்கள்.

ஆணியைப் பிடுங்கும் முன் எல்லாவற்றையும் கையெட்டும் தூரத்தில் பரப்புங்கள். காற்று குறைந்திருந்தால் முதலில் அடித்துக்கொள்ளுங்கள். டயர் விறைப்பாக இருந்தால்தான் ஊசி இறங்கும். ரப்பர் திரியை ஊசியின் காதில் பாதிவரை கோர்த்து, சொல்யூஷன் தடவித் தயாராக வையுங்கள். குறடால் ஆணியை இழுக்கும்போது அது எந்தச் சாய்வில் வெளியே வருகிறது என்று கவனியுங்கள். அதே சாய்வில் அர ஊசியைக் குத்தி ஏழெட்டு முறை உள்ளும் வெளியும் இழுங்கள். கை வலிக்கும். வேன் டயர் கார் டயரைவிடத் தடிப்பு. பிறகு திரியோடு ஊசியை உள்ளே தள்ளி, இரண்டு முனையும் ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது நிறுத்தி, ஊசியை மட்டும் வெடுக்கென்று இழுங்கள். காற்று அடித்து, மேலே சோப்புத் தண்ணீர் விடுங்கள். குமிழி வரவில்லை என்றால் மீதித் திரியை வெட்டிவிடலாம்.

இது அடுத்த ஊர் வரைக்கும்தான். மெதுவாக ஓட்டிப் போய், உள்பக்கம் பேட்ச் போட்டுக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் ஓட்டை என்றால் இந்த வேலையே கூடாது.

சிறிய கார் பம்புகள் இங்கே திணறும். பாரம் ஏற்றிய வேனின் பின்டயருக்கு 60 பிஎஸ்ஐக்கு மேலும் தேவைப்படலாம். சரியான அளவு ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும். பேட்டரியில் நேரடியாகக் கவ்வும் வகைப் பம்பை வாங்குங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் ஃபியூஸ் போய்விடும்.

ஸ்டெப்னி மாற்றுவது

1. ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் வையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் ‘பி’யில். பெரும்பாலான வேன்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்சக்கரம் ஒன்றைத் தூக்கினால் பிடிமானம் பாதியாகிவிடும். அதனால் மூலைக்கு மூலை எதிரிலுள்ள சக்கரத்தின் முன்னும் பின்னும் கட்டையோ கல்லோ முட்டுக் கொடுங்கள்.

2. ஸ்டெப்னியை இப்போதே இறக்குங்கள். வேனைத் தூக்கிய பிறகு அடியில் படுத்து இறக்குகிற வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

3. சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒவ்வொரு நட்டையும் இடப்பக்கமாகக் கால் சுற்று தளர்த்துங்கள். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரமும் சேர்ந்து சுற்றும், வேனும் ஆடும்.

4. பலகை மேல் ஜாக்கியை வைத்து, கையேட்டில் காட்டிய இடத்தில் மட்டும் ஏற்றுங்கள். வேறெங்காவது வைத்தால் தகடு உள்ளே குழிந்துவிடும். டயர் தரையைவிட்டு இரண்டு விரல் எழும்பியதும் ஸ்டெப்னியை ஜாக்கிக்குப் பக்கத்தில் வண்டிக்கு அடியில் படுக்க வையுங்கள். ஜாக்கி சரிந்தால் வேன் அதன் மேல் உட்காரும், உங்கள் கால் மேல் உட்காராது.

5. நட்டுகளைக் கழற்றி ஒரு டப்பாவில் போடுங்கள். பழைய சக்கரத்தை எடுத்து, அடியில் கிடக்கும் ஸ்டெப்னியோடு இடம் மாற்றுங்கள்.

6. ஸ்டெப்னியை மாட்டி, நட்டுகளைக் கையால் முறுக்குங்கள். மரைக்கு எண்ணெய் போடாதீர்கள். தேவைக்கு மேல் இறுகிவிடும். பழைய சக்கரத்தை அடியிலிருந்து எடுத்து, வேனை இறக்கி, ஒன்றுவிட்டு ஒன்றாக, நட்சத்திரம் வரைவதுபோல் இறுக்குங்கள்.

7. 50 கிலோமீட்டர் ஓடியதும் நின்று மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

ஸ்டார்ட் ஆகவில்லை

காதைக் கொடுங்கள். சாவியைத் திருப்பியதும் ‘டகடகடக’ என்று வேகமாகச் சத்தம் வந்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது. சத்தமே இல்லையென்றால் முதலில் பேட்டரி டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். குண்டும் குழியுமான பாதையில் அது தளர்வது வாடிக்கை. ஆட்டோமேட்டிக் என்றால் நியூட்ரலில் வைத்து முயலுங்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் டீசல் போகவில்லை என்று சந்தேகப்படலாம். சில வேன்களில் பலமாக அடிபட்டால் எரிபொருளை நிறுத்தும் ஸ்விட்ச் உண்டு. பெரிய பள்ளத்தில் விழுந்தாலே அது எகிறிவிடும். அமுக்கினால் சரியாகும்.

மல்டிமீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் பேட்டரி முழுசு. 12 என்றால் ஏறக்குறைய காலி.

இங்கேதான் கேம்பர் வேனுக்கு ஒரு வசதி: வேனுக்குள் எரியும் விளக்குக்கென்று இரண்டாவது பேட்டரி இருக்கிறது. அது லெட் ஆசிட் வகை என்றால் ஜம்ப் கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்யலாம். சிவப்பை முதலில் காலி பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில், கடைசி முனையை இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பில். லித்தியம் பேட்டரி என்றால் அதனுள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் செல்ஃப் இழுக்கும் மின்சாரத்தைத் தாங்காமல் துண்டித்துவிடலாம். உங்களுடையது எந்த வகை என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்; லித்தியம் என்றால் கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் சூடு

முள் சிவப்புக்குப் போகும்போது ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டு, ஏசியை நிறுத்தி, ஓரம் கட்டுங்கள். இன்ஜினை அணைத்துக் குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் காத்திருங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு குடிநீர்த் தொட்டியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம். ஊர் போய்ச் சேர்ந்ததும் கூலன்ட்டை முறையாக மாற்றிக்கொள்ளுங்கள்.

பேட்டரி விளக்கு எரிந்து, சூடும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கலாம். பல வேன்களில் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் சுற்றுவது ஒரே பெல்ட்தான். அது இல்லாமல் ஓட்டினால் இன்ஜின் வெந்துவிடும். அங்கேயே நில்லுங்கள்.

புது டீசல் வேன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று: ஆட்புளூ (டீசல் புகையைச் சுத்தமாக்கத் தனித் தொட்டியில் ஊற்றும் திரவம்) தீர்ந்துவிட்டது என்று திரை சொன்ன பிறகு இன்ஜினை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. ஒரு கேன் கூடவே வையுங்கள், மறந்தும் டீசல் டேங்கில் ஊற்றாதீர்கள்.

உங்கள் கையை மீறினால்

சிக்னல் இல்லாவிட்டாலும் போனின் ஜிபிஎஸ் வேலை செய்யும். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பேச்சு போகாத இடத்திலும் எஸ்எம்எஸ் சில சமயம் போகும். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும், வேறெந்த நிறுவனத்தின் சிக்னல் இருந்தாலும் பெரும்பாலான நாடுகளில் 112க்கு அழைக்க முடியும். அடிக்கடி இப்படிப் போகிறவர்கள் செயற்கைக்கோள் மெசஞ்சர் வாங்கிவிடுவது நல்லது.

உதவி தேடி நடந்து கிளம்பாதீர்கள். தேடி வருகிறவர்களின் கண்ணுக்கு ஆளைவிட வேன்தான் முதலில் படும். கிளம்பும்போதே ஒருவரிடம் எந்த வழி, எந்த நாளில் எங்கே என்று சொல்லி, எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் ஆள் அனுப்ப வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.