அசைவு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருவர் போன வாரம் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார். திரையில் புள்ளி தோன்றியதும் கையை நீட்டித் தொட வேண்டும், அதுதான் சோதனை. "முயற்சி கூடக் கூட எதிர்வினை நேரம் குறைஞ்சுகிட்டே வருது, பாருங்க" என்றார். முகமெல்லாம் மகிழ்ச்சி. எனக்கோ வயிற்றைப் பிசைந்தது. அச்சு அசலாக அதே கோட்டை 12 வருடங்களுக்கு முன் நானும் வரைந்திருக்கிறேன்.

மார்க்கர் (கேமரா பின்தொடர்வதற்காக உடம்பில் ஒட்டும் சிறு அடையாளம்) கழன்று விழுவது, கேமராவை அளவுதிருத்தம் செய்ய மறப்பது போன்றவை இங்கே வேண்டாம். அதெல்லாம் முதல் வாரத்திலேயே தானாகத் தெரிந்துவிடும். தெரியாமலே கூட வருகிற தவறுகள்தான் ஆபத்து.

இரண்டு கடிகாரங்களை ஒன்று என்று நம்புவது

வழக்கமான ஏற்பாடு இதுதான்: ஒரு கணினி படத்தைக் காட்டும், இன்னொன்று கேமராக்களின் பதிவை வாங்கும். தொடக்கத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு சிக்னல் போகும். "சரி, சிங்க் ஆகிவிட்டது, இரண்டின் நேரமும் ஒன்றுதான்" என்று எல்லாரும் வேலையைத் தொடங்கிவிடுவார்கள்.

அந்த ஒரு நொடியில் மட்டும்தான் சிங்க். இரண்டு கணினிகளுக்குள்ளும் நேரத்தை எண்ணுவதற்கென்று தனித்தனிக் குவார்ட்ஸ் படிகங்கள் துடிக்கின்றன. எந்த இரண்டும் ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் என்பது மிகச் சாதாரணம். கேட்கச் சின்னதாக இருக்கும். 40 நிமிடம் ஓடினால் அது 48 மில்லி விநாடி. காட்சியைப் பார்த்து மனிதர் அசையத் தொடங்குவதற்கே 200 முதல் 250 மில்லி விநாடிதான் ஆகிறது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

எனக்கு நடந்தது இதுதான். கேமரா பக்கத்துக் கடிகாரம் கொஞ்சம் மெதுவாக ஓடியது. அதனால் கை அசைந்த நேரம், உண்மையைவிடச் சற்று முன்னதாகவே பதிவாகிக்கொண்டிருந்தது. நேரம் போகப் போக இடைவெளி கூடியது, எதிர்வினை நேரம் குறைவது போலத் தெரிந்தது. 14 பேரிடமும் அதே சரிவு! பயிற்சியால் வரும் வேகம் என்று நம்பி, கட்டுரையில் பாதியை எழுதியும் விட்டேன்.

மாட்டிக்கொண்டது ஒரு தற்செயலால். ஒருவருக்கு நடுவில் கேமரா பழுதாகி அரை மணி நேரம் காத்திருந்தார். பதிவை நிறுத்தவில்லை. திரும்பி வந்த முதல் முயற்சியிலேயே அவருடைய எதிர்வினை 35 மில்லி விநாடி குறைந்திருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவருக்கு என்ன பயிற்சி கிடைத்திருக்கும்? படுக்கை அச்சில் முயற்சி எண்ணை எடுத்துவிட்டு கடிகார நேரத்தைப் போட்டேன். எல்லாருடைய புள்ளிகளும் ஒரே சாய்கோட்டில் போய் உட்கார்ந்தன.

முடிவிலும் ஒரு சிக்னல் அனுப்பியிருந்தால் ஓரளவு திருத்தியிருக்கலாம். அனுப்பவில்லை. வெப்பநிலை மாறினால் படிகத்தின் துடிப்பும் மாறும் என்பதால், பிறகு ஊகித்துச் சரிசெய்யவும் வழியில்லை. மூன்று மாத வேலை போனதைக்கூட விட்டுவிடலாம். உடம்பெல்லாம் மார்க்கர் ஒட்டிக்கொண்டு 14 பேர் கொடுத்த நேரம் வீணானது இன்றைக்கும் உறுத்துகிறது.

இதோடு இன்னொரு தாமதமும் சேர்கிறது. "காட்டு" என்று சாஃப்ட்வேர் கட்டளை கொடுத்த நேரம் வேறு, திரையிலிருந்து ஒளி வெளிவரும் நேரம் வேறு. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு படம் மேலிருந்து கீழே வரையப்பட ஏறக்குறைய 16.7 மில்லி விநாடி ஆகும். அடியில் உள்ள புள்ளி, உச்சியில் உள்ளதைவிடத் தாமதமாகத்தான் ஒளிரும். டிவியைத் திரையாக வைத்தால், படத்தை மெருகேற்றுகிறேன் என்று அது வேறு தன் பங்குக்குப் பல பத்து மில்லி விநாடிகளைச் சேர்க்கும்.

மருந்து எளிது. சட்டைப் பொத்தானைவிடச் சிறிய ஒளி சென்சார் ஒன்றைத் திரையின் மூலையில் கறுப்பு டேப்பால் ஒட்டுங்கள். புள்ளி தோன்றும் அதே படத்தில், சென்சாருக்கு அடியில் ஒரு வெள்ளைச் சதுரமும் தோன்றட்டும். சென்சாரின் வயரைக் கேமராப் பெட்டியின் அனலாக் உள்ளீட்டில் செருகிவிட்டால், ஒளியும் அசைவும் ஒரே கடிகாரத்தில் பதிவாகும். சிக்னல் சீப்புப் பல் மாதிரி ஏறி இறங்கினால் பயப்பட வேண்டாம்: சில மானிட்டர்கள் விளக்கை அணைத்து அணைத்து ஏற்றித்தான் வெளிச்சத்தைக் குறைக்கின்றன. பிரகாசத்தை முழுதாக வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அப்புறம், ஆளே இல்லாமல் ஒரு முழுச் சோதனையை ஓட்டிப் பாருங்கள். மாணவியின் கருவிகளை அன்று மாலையே அப்படி ஓட்டினோம். 40 நிமிடத்தில் இடைவெளி 31 மில்லி விநாடி கூடியது. அவருடைய 'பயிற்சி'யின் பெரும்பகுதி அதுதான்.

ஃபில்டரைத் தொடாமல் விட்டுவிடுவது

மார்க்கரின் இடத்திலிருந்து முடுக்கத்தைக் கணக்கிட இரண்டு முறை வகையிடுகிறோம். அப்போது இரைச்சல், அதாவது அளவீட்டில் கலந்துவிடும் பொய் நடுக்கம், அதன் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். 20 ஹெர்ட்ஸில் வெறும் 1 மில்லிமீட்டர் நடுக்கம், முடுக்கத்தில் ஏறக்குறைய 16 மீட்டர்/விநாடி² ஆகிவிடும். புவியீர்ப்பு முடுக்கமே 9.8தான்! அதனால், ஓர் எல்லைக்கு மேற்பட்ட வேகமான அதிர்வுகளை வடிகட்டும் ஃபில்டர் கட்டாயம் வேண்டும்.

ஆனால் நடைக்கு வழக்கமாக வைக்கும் 6 ஹெர்ட்ஸ் எல்லையைக் குதிப்பதற்கும் அப்படியே வைத்தால், பாதம் தரையில் மோதும் கூர்மை மழுங்கிவிடும். முன்னும் பின்னுமாக இரண்டு முறை ஓடும் ஃபில்டர் தாமதம் தராது என்பார்கள். உண்மைதான், ஆனால் அசைவு நிஜமாகத் தொடங்குவதற்குச் சற்று முன்பே தொடங்கியது போல அது காட்டிவிடும். எப்போது அசைந்தார் என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் இது சின்ன விஷயமில்லை.

எல்லாருக்கும் ஒரே வரிசையில் சோதனை வைப்பது

வரிசையை மாற்றிக்கொண்டே இருங்கள். சோர்வும் பழக்கமும் முடிவு போலவே தோற்றம் தரும்.

சிமுலேஷன் பொருந்தியதையே விளக்கமாக எடுத்துக்கொள்வது

மூட்டுகளை அசைக்கத் தேவையானதைவிட அதிகமான தசைகள் உடம்பில் உண்டு. ஒரே முழங்கை அசைவை எண்ணற்ற தசைச் சேர்க்கைகளால் உண்டாக்கலாம். அசைவு ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் கையில் எடுத்த பிரச்சினையின் வேர் இதுதான். உங்கள் கணினி மாதிரியின் கை நிஜக் கையைப் போலவே நகர்ந்தால், சாத்தியமான ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். நரம்பு மண்டலமும் அதே வழியில் போகிறதா என்பது தனிக் கேள்வி. மாதிரியைப் பொருத்தும்போது பயன்படுத்தாத ஓர் அளவை, தசை மின் பதிவு போன்ற ஒன்றை, ஒதுக்கி வைத்துக் கடைசியில் ஒப்பிடுங்கள்.

பங்கேற்பாளரிடம் கருதுகோளைச் சொல்லிவிடுவது

முடிந்த பிறகு சொல்லுங்கள்.

சாதாரண வீடியோ எடுக்காமல் விடுவது

ஒரு ஓரத்தில் ஒரு கேமரா ஓடட்டும். பதிவில் விசித்திரமாகத் தெரியும் கை அசைவு, அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்ததாக இருக்கலாம். மார்க்கர் அதைச் சொல்லாது.