ஆறு வயதுக் கடைவாய்ப் பல்லில் எனாமல் குறை: என்ன செய்யலாம்?

ஆறு வயதை ஒட்டி, பால் பற்களின் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே முளைக்கும் கடைவாய்ப் பல் வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய பல் என்பதைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. விழப்போகும் பல்தானே என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் கடைவாய்ப் பல்லிலும் புதிய முன்பற்களிலும் எல்லை தெளிவான வெள்ளை, மஞ்சள் அல்லது பழுப்புத் திட்டுகள் இருந்தால், பல்லின் கடினமான மேலுறையாகிய எனாமலில் தாதுக்கள் போதிய அளவு படியவில்லை என்று ஐயப்படலாம். கடைவாய்ப் பல்லின் எனாமல் முதல் மூன்று வயதுக்குள் உருவாவதால், அக்காலத்து நோய்கள் காரணமாகலாம் எனக் கருதப்படுகிறது. மிட்டாய் தின்றதற்காகக் குழந்தையைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை. தருமபுரி போன்ற, நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்த பகுதிகளில் காணும் கறை வேறு: அது இருபுறமும் ஒத்து, பல பற்களில் மங்கலாகப் படர்ந்திருக்கும்.

முளைத்த பல்லில் எனாமல் மீண்டும் வளராது என்பதால், மெல்லும் அழுத்தத்தில் அது பெயர்வதற்கு முன்பே மருத்துவரிடம் காட்டுவது நல்லது. பல் கூச்சத்தால் குழந்தை அந்தப் பக்கம் துலக்க மறுத்தால், மென்மையான பிரஷையும் வெதுவெதுப்பான நீரையும் பயன்படுத்துங்கள். ஃபுளூரைடு குறைந்தது 1,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1,000 பங்கு) உள்ள பற்பசையைப் பட்டாணி அளவு வைத்து, நாளுக்கு இருமுறை துலக்கி, நுரையைத் துப்பியபின் வாய் கொப்பளிக்காமல் விடவேண்டும். எலுமிச்சையோ கரித்தூளோ தேய்த்துக் கறையைப் போக்க முயல்வது கேட்டையே கூட்டும்.

பல் முழுதாக இருந்தால் மருத்துவர் 5 சதவீத சோடியம் ஃபுளூரைடு வார்னிஷ் பூசி, குழிகளைச் சீலன்ட் என்னும் மெல்லிய காப்புப் பூச்சு கொண்டு அடைப்பார். பல் பாதியே முளைத்து ஈரம் தடுக்க முடியாத நிலையில், தற்காலிகமாகக் கிளாஸ் அயனோமர் என்னும் பல் நிரப்புப் பொருள் உதவும். சிறு உடைவுக்குக் காம்போசிட் என்னும் பல் நிற நிரப்புப் பொருள் போதும் என்றாலும், அதன் விளிம்பு உறுதியான எனாமலில் பதியாவிட்டால் மீண்டும் மீண்டும் பெயரும். பல பக்கங்கள் சிதைந்திருந்தால் ஸ்டீல் கேப்பே மேல் என்பது என் கருத்து. இப்பற்களில் மரத்துப்போகும் ஊசி சில சமயம் முழுமையாக வேலை செய்யாது. ஆகவே குழந்தை வலிக்கிறது என்றால் அதைப் பிடிவாதம் என்று தள்ளாமல், உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

காப்பாற்ற இயலாத பல்லை ஏறத்தாழ 8 முதல் 10 வயதுக்குள் எடுத்தால், பின்னால் வரும் கடைவாய்ப் பல் அவ்விடத்திற்கு நகர்ந்து வர வாய்ப்புண்டு. எக்ஸ்ரேயும் பல் சீரமைப்பு மருத்துவரின் கருத்தும் இன்றி இம்முடிவை எடுக்கக் கூடாது. முன்பற்களின் திட்டுகளுக்கு அவசரமில்லை. குழந்தை கூச்சப்பட்டு வாய்விட்டுச் சிரிக்கத் தயங்கினால் மட்டும், பல்லை அதிகம் அராவாமல், திட்டுக்குள் திரவப் பிசினை ஊறச் செய்யும் ரெசின் ஊடுருவல் முறையைப் பற்றி முதலில் கேளுங்கள்.