ஜாமில் சூடா, மேட்டில் சூடா? பழைய காரில் செய்யக்கூடாதவை

பழைய காரின் வெப்பமுள் சிவப்பைத் தொட்டதும், "எந்தச் சாமானை மாற்றணும்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். பணம் வீணாவது அங்கேதான். எந்த நேரத்தில் சூடேறுகிறது என்று முதலில் பாருங்கள்.

தைப்பூச நெரிசலில் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயில் பக்கம் ஊர்ந்து போகும்போது முள் ஏறி, பினாங்குப் பாலத்தில் ஓட ஆரம்பித்ததும் இறங்குகிறதா? அப்படியென்றால் காற்று போதவில்லை. விசிறி, தளர்ந்த பெல்ட், ரேடியேட்டர் முகப்பில் அடைந்த பூச்சி, தூசி இவற்றைப் பாருங்கள். ஊருக்குள் ஒழுங்காக ஓடிவிட்டு, துன் சார்டோன் சாலையில் பாலிக் பூலாவுக்கு ஏறும்போது மட்டும் கொதித்தால் தண்ணீர் ஓட்டத்தைச் சந்தேகப்படணும். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம். கீழ் ஹோஸ் மெத்தென்று ஆகி, வேகத்தில் பம்ப் உறிஞ்சும்போது சப்பிப்போவதும் உண்டு. இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பின்தங்கினாலும் இதே கதைதான்.

அடுத்தது தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு அண்ணே?" என்று ஒரு பட்டறையில் என் டட்சன் 120ஒய் காரிலிருந்து கழற்றிவிட்டார்கள். ஒரு மாதம் நிம்மதி. அப்புறம் பெட்ரோல் செலவு கூடியது. மேட்டில் மறுபடியும் சூடு. அடைத்திருந்த ரேடியேட்டரை யாரும் தொடவே இல்லையே! இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் ஓடினால் தேய்மானமும் அதிகம். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே பைபாஸ் வழியாகச் சுற்றும்.

கழற்றி எறியாமல் சோதித்துப் பாருங்கள். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியில் படாமல் தொங்கவிட்டு அடுப்பை மூட்டுங்கள். கூடவே ஒரு வெப்பமானி. தெர்மோஸ்டாட்டில் 82 (டிகிரி செல்சியஸ்) என்று பொறித்திருந்தால் கிட்டத்தட்ட அந்தச் சூட்டில் வால்வு மெல்ல நகர ஆரம்பிக்கணும். தண்ணீர் கொதிப்பதற்குள் நன்றாகத் திறந்திருக்கணும். பட்டறையிலிருந்து வாங்கி வந்த என்னுடையது, தண்ணீர் தளதளவென்று கொதித்தும் நகக்கண் அளவுதான் திறந்தது. ஆக, அதுவும் பழுது, ரேடியேட்டரும் பழுது. இரண்டையும் சரிசெய்த பிறகுதான் கார் மேடேறியது.

சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் அடங்கியிருக்கும் தண்ணீர், மூடி கழன்றதும் கொதித்து முகத்தில் பீறிடும். சூடேறிய இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் (இன்ஜினின் மேல்பகுதியில்) விரிசல் விழலாம். ஆறும்வரை காத்திருங்கள். நாள்தோறும் குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டுவதும் வேண்டாம். இங்கே பனி இல்லைதான், ஆனால் தண்ணீர் உறையாமல் காக்கும் கூலண்ட் திரவம் துருவையும் தடுக்கிறது.

1960களின் பிற்பகுதி பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வெப்பமுள்ளும் பெட்ரோல் முள்ளும் சேர்ந்தே ஏறினால், இன்ஜினைப் பிரிக்கும் முன் டேஷ்போர்டுக்குப் பின்னால், இரண்டு முள்ளுக்கும் சீரான மின்னழுத்தம் தரும் வோல்டேஜ் ஸ்டெபிலைசரைப் பாருங்கள்.

ரேடியேட்டரில் தொடர்ந்து குமிழ் வந்தாலோ, டிப்ஸ்டிக்கில் (எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியில்) எண்ணெய் பால்காப்பி நிறத்தில் இருந்தாலோ ஹெட்டுக்கு அடியில் இறுக்கி அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதன்பிறகு வீடுவரைகூட ஓட்டாதீர்கள். இழுவை லாரியைக் கூப்பிடுங்கள்.