கூட்டு வணிகத்தில் ஒரு பங்குதாரரிடம் பணம் கொடுத்தால் கடன் தீருமா?

பினாங்கு லெபோ பாசாரிலும் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவிலும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் கடைகள் பல. சரக்குக்குப் பணம் கேட்டு அவர்களில் ஒருவர் வருகிறார், கொடுத்துவிடுகிறோம். மாதம் கழித்து இன்னொருவர், "பணம் கடைக்கு வரவே இல்லையே" என்கிறார். மறுபடியும் கொடுக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. மலேசியாவின் 1961ஆம் ஆண்டு கூட்டு வணிகச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி, வியாபாரத்தின் வழக்கமான காரியங்களில் ஒவ்வொரு பங்குதாரரும் கடைக்கும் மற்றப் பங்குதாரர்களுக்கும் முகவர். வர வேண்டிய பணத்தை வாங்கி ரசீது கொடுப்பது அப்படிப்பட்ட காரியம்தான். அவர் அதைப் பெட்டியில் போடாமல் போனால் அது அவர்களுக்குள் தீர்க்க வேண்டிய வழக்கு. ஆனால் அவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தாலோ, அவர் பங்குதாரர் என்றே உங்களுக்குத் தெரியாமலிருந்தாலோ இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

ஆகவே முதலில் ஆளைச் சரிபாருங்கள். எஸ்.எஸ்.எம். என்ற மலேசிய நிறுவன ஆணையத்தின் இணையச் சேவையில் கடையின் பதிவு எண்ணைக் கொடுத்துத் தகவல் அறிக்கையை வாங்கினால் பங்குதாரர்களின் பெயர்களும் பதிவு காலாவதியாகும் தேதியும் இருக்கும். கடைப் பெயர் பிஎல்டி (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டு வணிகம்) என்று முடிந்தால் அதற்கு 2012ஆம் ஆண்டின் தனிச் சட்டம். இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது. வசூலுக்கு வருபவர் வேலையாள் என்றால் பங்குதாரர் கையெழுத்திட்ட கடிதம் கேளுங்கள். பங்குதாரருக்கு உள்ளதுபோல் அவருக்குத் தானாக அதிகாரம் கிடையாது.

அடுத்து, பணம் கடைக்குத்தான் போகிறது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். டுவிட்நவ் என்ற பணப் பரிமாற்றச் சேவை மூலம் அனுப்பும்போது கைப்பேசி எண்ணைவிடக் கடையின் வணிகப் பதிவு எண்ணைப் பயன்படுத்துவது நல்லது. உறுதி செய்யும் முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். தனி ஆளின் பெயர் வந்தால் நிறுத்திவிட்டு, மற்றப் பங்குதாரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது கடைக்காகத்தான் போனது என்று நிரூபிக்கும் பாடு உங்களுடையது. காசோலை என்றால் வங்கிக் கணக்கில் உள்ளபடியே கடைப் பெயரை எழுதி, குறுக்குக்கோட்டுக்குள் 'ஏ/சி பேயி ஒன்லி' (பெயருள்ளவரின் கணக்கில் மட்டும்) என்று போட்டு, 'அத்தாவ் பெம்பாவா' (அல்லது கொண்டுவருபவருக்கு) என்று அச்சிட்டிருப்பதை அடித்துவிடுங்கள்.

ரொக்கமாகக் கொடுத்தால் ரசீதில்தான் எல்லாம் இருக்கிறது. கடைப் பெயர், பதிவு எண், ரசீது வரிசை எண், எந்த இன்வாய்ஸுக்கு, தொகை எண்ணிலும் எழுத்திலும், தேதி, வாங்கியவர் பெயரும் கையெழுத்தும் இருக்கட்டும். 8,400 ரிங்கிட் பில்லில் 3,000 கொடுத்தால் 'பாக்கி 5,400' என்று அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். பாதிப் பணம் கொடுத்த இடத்தில்தான் சண்டை அதிகம் வருகிறது.

இன்னொரு வழக்கம் மிக ஆபத்தானது. "நீ எனக்குத் தர வேண்டிய சொந்தக் கடனை உன் கடைக்கு நான் தர வேண்டிய பாக்கியில் கழித்துக்கொள்கிறேன்" என்று பங்குதாரரிடம் பேசி முடிப்பது. மற்றவர்கள் சம்மதிக்காமல் கடையின் பணத்தைக் கொண்டு தன் சொந்தக் கடனை அடைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. உங்கள் பாக்கி அப்படியே நிற்கும்.

பங்குதாரர் விலகியிருந்தால்? பழைய வாடிக்கையாளரான உங்களுக்கு அறிவிப்பு வராதவரை அவரைப் பங்குதாரராகவே நீங்கள் நடத்தலாம் என்கிறது 38ஆம் பிரிவு. கடையே கலைந்துவிட்டாலும் கணக்கு முடிக்கத் தேவையான அளவுக்கு 40ஆம் பிரிவின்படி மற்றவர்கள் வசூலிக்கலாம். திவாலானவர் செய்ததற்குக் கடை பொறுப்பாகாது. பங்குதாரர் இறந்த பிறகு அவர் மகனோ மனைவியோ வந்து கேட்டால், துக்க வீடு என்ற இரக்கத்தில் கொடுத்துவிடத் தோன்றும். தயவுசெய்து உயிரோடிருக்கும் பங்குதாரரிடமே கொடுங்கள். குடும்பத்துக்குச் சேர வேண்டிய பங்கு கடைக் கணக்கின் வழியே போகட்டும்.

கடை நடத்துபவர்களுக்கு: வங்கியில் 'இருவர் கையெழுத்து' என்று எழுதிக் கொடுத்திருப்பது பணம் எடுப்பதைத்தான் கட்டுப்படுத்தும்; வெளியே ஒருவர் ரொக்கம் வாங்குவதை அது தடுக்காது. உங்கள் ஒப்பந்தத்தில் 'இவர் வசூலிக்கக் கூடாது' என்று இருந்தாலும் அது தெரியாத வாடிக்கையாளரைக் கட்டாது. ஆகவே இன்வாய்ஸின் அடியில் 'பணத்தைக் கடைக் கணக்கில் மட்டுமே செலுத்தவும்' என்று அச்சிடுங்கள். பழகிய வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். பங்குதாரர் மாறினால் 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.மில் பதிவு செய்துவிட்டு அதே கடித வேலையைச் செய்யுங்கள். வெறும் அரசிதழ் அறிவிப்பு, உங்களோடு முன்பு வியாபாரம் செய்யாதவர்களுக்குத்தான் போதும்.

ஒப்பந்தக் கடனுக்கு 6 ஆண்டுவரை வழக்குப் போடலாம்; வருமான வரிக்குக் கணக்கு ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சான ரசீது அதற்குள் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள்.