மீன் எடைக் கணக்கை ஜாவாஸ்கிரிப்ட்டில் சீராக்குவது

பாம்பன் கரையிலிருந்து வாட்ஸ்அப்பில் எங்களுக்கு வரும் கணக்கு இப்படித்தான் இருக்கும்: "சீலா 12கி, கிழங்கான் 5 கிலோ". சென்னை வியாபாரிக்குச் சீலா என்றால் புரியாது, வஞ்சரம் என்று மாற்றணும். "கி" எல்லாம் "கிலோ" ஆகணும்.

விதிகளை ஓர் அரேயில், அதாவது வரிசைப் பட்டியலில் வையுங்கள்: ஒவ்வொன்றிலும் ஒரு ரெகெக்ஸ் (எதைத் தேடணும் என்று சொல்லும் வடிவம்), அதற்கு மாற்றுச் சொல். அரேயை ஒவ்வொன்றாகக் கடக்கும் ரெட்யூஸ் வழியாக, ஒரு ரீப்ளேஸ் (தேடி மாற்றும் கட்டளை) தந்த ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துச் சரத்தை, அடுத்ததற்குக் கொடுங்கள். பழைய ஸ்ட்ரிங் மாறவே மாறாது. ரெகெக்ஸில் ஜி ஃப்ளாக் (எல்லா இடத்திலும் தேடு என்னும் குறி) இல்லாவிட்டால் முதல் இடம் மட்டும்தான் மாறும்.

ரொம்பக் கவனிக்க வேண்டியது அந்த "கி"தான். அப்படியே மாற்றினால் கிலோ "கிலோலோ" ஆகும், கிழங்கான் "கிலோழங்கான்" ஆகிவிடும். சொல் எல்லைக்கான பின்சாய்கோடு பி தமிழுக்கு உதவாது. அதற்குத் தெரிந்தது ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே. யூனிகோடாகப் படிக்கச் சொல்லும் யூ ஃப்ளாக் போட்டு, "கி"க்கு முன்னும் பின்னும் யூனிகோட் எழுத்தோ துணைக்குறியோ வரக்கூடாது என்று எழுதுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டின் 2018 பதிப்பிலிருந்தே இதற்கு வழி இருக்கிறது.

ஒரு விதியின் விடையை அடுத்த விதி தொடும் என்றால், எல்லாச் சொற்களையும் "அல்லது" என்று பொருள்படும் நெடுங்கோட்டால் இணைத்து ஒரே ரெகெக்ஸ் ஆக்கி, மாற்றுச் சொல்லுக்குப் பதில் ஒரு ஃபங்ஷன் கொடுங்கள். அது எந்தச் சொல்லுக்கு எது மாற்று என்பதை மேப்பில் (சொல்-மாற்று அட்டவணையில்) பார்த்துத் தரும். நீளமான சொல் முன்னால் நிற்கட்டும். நீண்ட பட்டியலுக்கு நான் இதைத்தான் நம்புகிறேன்.