முகூர்த்த நேரத்து ஒயிட் பேலன்ஸ்

கல்யாணப் படம் எடுக்கப் புதிதாக வருகிறவர்கள் முதலில் லென்ஸைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் ஒயிட் பேலன்ஸில், அதாவது வெள்ளை வெள்ளையாகவே விழும்படி கேமராவில் நிறத்தைச் சரிசெய்வதில், தொடங்கச் சொல்வேன். மாப்பிள்ளை வேட்டி நீலமடித்து, பெண்ணின் முகம் பச்சை தட்டினால் எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸும் அந்த ஆல்பத்தைக் காப்பாற்றாது.

வெளிச்சத்துக்கு நிறம் உண்டு. குண்டு பல்பின் கீழும் வேட்டி நமக்கு வெள்ளையாகத் தெரிவது கண்ணும் மூளையும் அதைச் சரிசெய்துகொள்வதால்தான். கேமராவுக்கு நாம் சொல்லித்தர வேண்டும். வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் குத்துவிளக்குச் சுடர் சுமார் 1900, குண்டு பல்பு 2700 முதல் 2900, நண்பகல் வெயில் 5500 பக்கம், மேகமூட்டம் 6500, நிழல் 7000க்கு மேல். எண் ஏற ஏற வெளிச்சம் நீலமாகும். எல்இடி பல்பு என்றால் அட்டைப்பெட்டியிலேயே 3000, 6500 என்று அச்சிட்டிருப்பார்கள்.

பலரும் குழம்புவது இங்கேதான்: கேமராவில் எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளாகும். 7000 என்று வைத்தால், ‘இங்கே வெளிச்சம் நீலம்’ என்று கேமராவிடம் சொல்கிறீர்கள். அதை ஈடுகட்ட அது மஞ்சளைச் சேர்க்கிறது. ஆகவே படம் நீலமடித்தால் எண்ணைக் கூட்டுங்கள், மஞ்சளடித்தால் குறையுங்கள். பச்சை தட்டினால் கெல்வினைத் தொடாதீர்கள். டின்ட் என்ற பச்சை-மெஜந்தா அளவை மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) பக்கம் நகர்த்துங்கள்.

வெட்டவெளியில், கேமராவே நிறத்தைக் கணிக்கும் ஆட்டோ போதும். மணவறையில் அதை நம்பாதீர்கள். அரக்குப் பட்டு ஃபிரேமை நிறைத்தால் சிவப்பு கூடிவிட்டதாக எண்ணிக் குறைத்துவிடும். பெண்ணின் முகம் உயிரில்லாமல் போகும். அடுத்த படத்தில் வேட்டி வந்ததும் நிறம் மறுபடி மாறும். தாலி கட்டும் அந்தச் சில நொடிகளின் படங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நிற்கும்.

அதனால் சடங்கு தொடங்குமுன் மணமக்கள் உட்காரும் மணையருகே, முகம் வரும் உயரத்தில் கிரே கார்டை, அதாவது வேறு நிறச் சாயல் இல்லாத சாம்பல் அட்டையை, பிடிக்கச் சொல்லுங்கள். ஃபிரேம் நிறைய எடுத்து, கஸ்டம் ஒயிட் பேலன்ஸாக வையுங்கள். கார்டு இல்லையென்று வேட்டியை வைத்து அளக்க வேண்டாம். நீலம் போட்டு அலசிய துணி அது. அதைச் சுத்த வெள்ளையாக எடுத்துக்கொண்டால் படம் முழுக்க மஞ்சள் ஏறும்.

பல வெளிச்சம் கலந்திருந்தால் முகத்தில் விழுவதற்கே முதலிடம். வீடியோக்காரரின் எல்இடியில் நிறம் மாற்றும் வசதி இருந்தால், மண்டப விளக்கோடு ஒத்துப்போக வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஃபிளாஷ் பகல் நிறம். சுற்றிலும் மஞ்சள் விளக்கென்றால் ஃபிளாஷின்மேல் ஆரஞ்சு ஜெல் (ஒளி ஊடுருவும் நிறத்தாள்) ஒட்டி, கேமராவை 3200 பக்கம் வையுங்கள். ஊதா, நீல மேடை விளக்கை எந்த ஒயிட் பேலன்ஸும் சரிசெய்யாது. முகூர்த்தம் முடியும்வரை அணைக்கச் சொல்லுங்கள், தயங்காதீர்கள். ஓமத் தீயின் செம்மையை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். அது இருந்தால்தான் அழகு.

அதிகாலை முகூர்த்தமென்றால் விடிந்து ஜன்னல் வெளிச்சம் உள்ளே வந்ததும் மறுபடி அளக்க வேண்டும்.

எல்லாவற்றையும் கேமரா பதிந்த தகவலை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) ஃபைலாக எடுங்கள். நிறத்தைப் பிறகு தரம் கெடாமல் திருத்தலாம். திருத்தும்போது மாநிற முகத்தை வெளுப்பாக்க வேண்டாம். கார்டு வைத்து எடுத்த படத்தில் நிறத்தைச் சரிசெய்து, அதே வெளிச்சத்தில் எடுத்த மற்றப் படங்களுக்கும் அந்த அளவையே காப்பி செய்யுங்கள். வெளிச்சம் மாறிய இடத்தில் அடுத்த கார்டு படத்திலிருந்து தொடங்குங்கள்.